அருவிச் சத்தத்தில் கேட்ட சொல்

மலையாறு ஒன்று பாறைக்குள் புகுந்து விழுந்து விழுந்து போகிற வழியிலேயே, கயிற்றைக் கட்டிக்கொண்டு மனிதனும் இறங்கிப் போவது ஒரு விளையாட்டாம். இதை யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பந்தடிப்பது விளையாட்டு, சீட்டாடுவது விளையாட்டு. பாசி பிடித்த பாறையில் ஒருவன் இடுப்புக் கயிற்றோடு தொங்கினால் எங்கள் தோட்டத்தில் அதற்கு வேலை என்று பெயர். வேலை என்றால் 'பேர்' போடுவார்கள்; பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சம்பளமும் இல்லாமல், யாரும் விரட்டாமல், தானாகப் போய்த் தொங்குகிறவர்களைப் பற்றி நான் என்னதான் நினைப்பது?

எனக்கு இரண்டு அண்ணன்கள். பெரியண்ணன் அந்த விளையாட்டில் செத்துப்போனான். விளையாடியவன் அவன் இல்லை, விளையாடிய வெள்ளைக்காரத் தொரைக்குச் சாமான் தூக்கிப் போனவன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் சின்னண்ணன். அவன்தான் கையை விட்டு அண்ணனைக் கொன்றான் என்று தோட்டமே சொன்னது, பெற்ற தாயும் சொன்னாள். தன் காதில் விழுந்த ஒரு சொல்லைத்தான் அவன் சாட்சியாகச் சொன்னான். அந்தச் சாட்சியை யாரும் நம்பவில்லை.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே, பெரகல சந்திக்கு இறங்குகிற பக்கம் இருந்தது. மேலே தேயிலை மலைகளுக்கு நடுவில் சாதாரண ஓடையாக வருகிற ஆறு, எங்கள் டிவிசன் முடிகிற இடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள வெடிப்பில் நுழைந்துவிடும். அதனால் அதற்கு இடுக்காறு என்று பெயர். உள்ளே மூன்று இடத்தில் அருவியாக விழுந்து, கீழே பணிய லயம் என்கிற கூலி வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் வெளியே வரும். அங்கேதான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைப்போம். நடுவில் உள்ள இடுக்குக்குள் யாரும் போகமாட்டார்கள். ஆடு தவறி விழுந்தால்கூட ஆடு போச்சு என்று விட்டுவிடுவார்கள். மேலே உச்சி மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே செம்மண் தண்ணீர் குபுகுபுவென்று வந்துவிடும். பாறையில் கால் வைத்தால் வழுக்கும். அருவி விழுகிற ஆழமான மடு, கசம் என்போம், மேலுக்கு அமைதியாகத் தெரியும், உள்ளே இழுத்துச் சுழற்றும். இந்த அபாயமெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு தூர நின்றோம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சின்னத் தொரை வந்தார். பெரிய தொரைக்கு உதவியாள். சீமையிலிருந்து நேராக வந்தவர், இருபது சொச்சம் வயது, முகமெல்லாம் செம்புள்ளி. தன் ஊர்ப் பக்கத்து மலைகளில் இப்படிக் கயிற்றில் இறங்கிப் பழகியவராம். இடுக்காற்றை ஒரு நாள் எட்டிப் பார்த்தார், அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கப்பலில் ஒரு கட்டு நைலோன் கயிறு வந்து இறங்கியது. கூட இறங்க நல்ல உடம்புள்ள ஆள் ஒன்று, மேலே நின்று கயிறு விட ஆள் இரண்டு வேண்டும் என்று பெரட்டிலே வைத்துச் சொன்னார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். அங்கே தொரை சொல்வதற்கு ஒரே பதில்தான். பெரியண்ணன் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டுகிற ஆள், தோளும் புயமுமாக இருப்பான். அவனைக் கை காட்டினார். கயிறு பிடிக்க எங்கள் கங்காணியையும் சின்னண்ணனையும் கை காட்டினார். "சரிங்க தொரை" என்றார்கள், முடிந்தது.

தொரைமார் பேசுகிற தமிழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் தமிழ் படித்துப் பரீட்சை எழுதித்தான் வேலையில் நிற்பார்கள். ஆனால் அந்தத் தமிழில் கட்டளை மட்டும்தான் இருக்கும். போ, வா, எடு, வெட்டு, போடு. உரம் போடு, மண்ணைப் போடு, கூடையைக் கீழே போடு, இவனுக்கு அரைப் பேர் போடு. காலையில் பெரட்டில் தொடங்கி மாலையில் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் எங்கள் காதில் விழுகிற தொரைத் தமிழில் பாதி இந்தப் 'போடு'தான். ஒரு தடவை சொன்னதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. "என்னாங்க தொரை?" என்று கேட்டால் காது மந்தமா என்பார்கள். மறுபடியும் கேட்டால் வீட்டுக்குப் போ என்பார்கள், அன்றைய பேர் அதோடு போய்விடும். அதனால் விழுந்தது விழாதது எல்லாவற்றுக்கும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, என்ன சொல்லியிருப்பார் என்று நாங்களே ஊகித்துச் செய்வோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், ஊர் வாய்க்கு அதுதான் தீனியாகிப்போனது. அப்பா முன்பே போய்விட்டார். லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பிரா, அதாவது ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை. பெரியண்ணனுக்குக் கல்யாணமானதும் காம்பிரா அவனுக்கும் மதினிக்கும் என்றாயிற்று. அம்மாவும் நானும் அடுப்படியில் ஒடுங்கினோம். சின்னண்ணன் இஸ்தோப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு படுத்தான். பனிக்காலத்தில் அப்புத்தளைக் காற்று அந்தச் சாக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு நாள் குளிர் தாங்காமல், "கல்யாணம் கட்டுனவனுக்கு மட்டுந்தான் குளிருதாக்கும்" என்று கத்திவிட்டான். பெரியண்ணனும் பதிலுக்குக் கத்தினான். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். சுவர் என்ற பெயரில் இருந்தது பலகைதானே. மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதை மட்டும் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மதினியும் கீழே துவைத்துக்கொண்டிருந்தோம். நான் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மேலே நடந்ததைச் சின்னண்ணன் பிறகு எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் அருவியில் தொரை கயிற்றில் இறங்கினார். பிறகு கயிற்றை மேலே இழுத்து, பெரியண்ணனின் இடுப்பில் கட்டி, தொரையின் சாப்பாட்டுப் பையையும் அவன் முதுகில் மாட்டி, மேலே இருந்த மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். அவன் அடியில் போய் நின்றதும் தொரை கீழே இருந்து "ரோப் போடு" என்று கத்தினார். கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, கங்காணியும் சின்னண்ணனும் காட்டுப் பாதையால் சுற்றி அடுத்த அருவியின் தலைப்புக்கு வந்து, கீழே இருந்தவர்கள் எறிந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது அருவியிலும் அப்படியே. போடு என்றார், போட்டார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. மேலே நின்றால் பாறை மூக்கு நீட்டிக்கொண்டு மறைக்கும், கீழே இருப்பது எதுவும் தெரியாது. இறங்கிப் போன தொரை பாதி வழியில் ஒரு கல் தட்டைக் கண்டு அதிலேயே நின்றுவிட்டார். மேலே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர் அடிக்குப் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். பெரியண்ணனைக் கட்டி இறக்கினார்கள். அவன் கால் அந்தத் தட்டில் பட்டதும் கயிறு லேசாகத் தளர்ந்தது. கீழே இருந்து தொரையின் குரல் வந்தது. பாறை விளிம்பில் கவிழ்ந்து படுத்து, கயிற்றைக் கையில் வைத்திருந்த சின்னண்ணனுக்குக் கேட்ட சொல், போடு. மரத்திலிருந்து கயிற்றை உருவிப் போட்டுவிட்டான்.

நனைந்த கயிறு பாரம். அருவி அதை இழுத்த இழுப்பில் பெரியண்ணன் தட்டிலிருந்து சரிந்து கசத்துக்குள் போனான். தொரையும் பின்னாலேயே குதித்திருக்கிறார், அதை நான் மறைக்க மாட்டேன். அவர் வெளியே வந்தார். பெரியண்ணன் வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கயிறு அடியிலுள்ள கல்லில் சிக்கிக்கொண்டு அவனை மேலே விடவில்லை.

தொரை தொப்பியில்லாமல், தோளெல்லாம் ரத்தமாக, நாங்கள் துவைக்கிற இடத்துக்கு வந்து கல்லில் உட்கார்ந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது காட்டுப் பாதையால் சின்னண்ணன் இறங்கி வந்தான். அவன் கையில் பெரியண்ணனின் காய்ந்த சட்டை இருந்தது. நனைந்து வருவான், மாற்றிக்கொள்ளட்டும் என்று மேலே கழற்றி வைத்ததைக் கொண்டுவந்திருந்தான். "எங்கம்மா அவன், இன்னும் வெளிய வரலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

கொன்றவன் சட்டை கொண்டுவருவானா? இந்த ஒரு கேள்வியை நான் வருஷக்கணக்காக எல்லோரிடமும் கேட்டேன். அம்மாவிடம், மதினியிடம், தண்ணீர்ப் பீலியில் கூடுகிற பெண்களிடம். ஒருத்தியும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் உடம்பை எடுத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சோதித்துத் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து ஆபீசில் விசாரணை. பொலிசும் வந்திருந்தது. சின்னத் தொரை சொன்னார்: ஆள் தட்டுக்கு வந்துவிட்டான், இனிக் கயிறு விட வேண்டாம், பிடித்துக்கொள் என்பதற்காக 'போதும்' என்று கத்தினேன். சின்னண்ணன் சொன்னான்: "எனக்குப் போடுன்னு கேட்டுச்சுங்க." கங்காணியைக் கேட்டார்கள். அந்தாள் மரத்தடியில் வேரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு பின்னால் இருந்து கயிறு நெகிழ்த்திக்கொண்டிருந்தவன். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது. ஆனால் பெரிய தொரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "தொரை போதும்னு சொன்னது எனக்கு நல்லாத் தெளிவாக் கேட்டுச்சுங்க" என்றான்.

தற்செயலாக நடந்தது என்று எழுதி முடித்தார்கள். எழுத்தில் அப்படி. லயத்தில் வேறு மாதிரி. இரண்டு பேர் போதும் என்கிறார்கள், இவன் ஒருத்தன் போடு என்கிறான் என்றால் யார் பொய்யன்? இஸ்தோப்பில் படுத்தவன் காம்பிராவுக்கு ஆசைப்பட்டான் என்றார்கள். மதினி முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் லுணுகலைப் பக்கம் தன் அப்பன் வீட்டுக்குப் போனாள். போகும்போது சின்னண்ணன் முகத்தைப் பார்க்காமல் வாசலில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். சின்னத் தொரை சில மாதங்களில் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை. போதும் என்றுதான் சொன்னார், அது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. வெறுப்பதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருப்பார்.

அம்மாதான் தாங்க முடியாதவளாகிப்போனாள். "போதும்னு சொன்னா போடுன்னு எப்பிடிடா கேக்கும்? ரெண்டும் ஒரே சொல்லாடா? செவுட்டுப் பயலுக்குக்கூட அப்பிடிக் கேக்காதே" என்று அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பாள். தினமும் கேட்பாள். அவன் பதில் சொன்ன காலமும் உண்டு, பிறகு வாயை மூடிக்கொண்டான். காம்பிரா காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் இஸ்தோப்பிலேயே படுத்தான். சோறு போடும்போது அம்மா அவனுக்கு மட்டும் தட்டைக் கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைப்பாள். எங்கள் வீட்டில் 'போதும்' என்ற சொல்லே செத்துப்போனது. யாரும் தீர்மானம் செய்யவில்லை, தானாகவே அப்படியாயிற்று. சோறு போதுமென்றால் கையைக் குறுக்கே நீட்டுவோம். விருந்தாளி யாராவது தெரியாமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், சின்னண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கோச்சியில், அதாவது ரயிலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் தன் பெயரைக் கொடுத்திருந்தான். அவனுக்கு அனுமதி வந்தது. நானும் அம்மாவும் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்திருந்தோம். அப்புத்தளை ஸ்டேஷனில் அன்றைக்கு ஒரே அழுகை, யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். அம்மா வரவில்லை. கால் வலி என்றாள்.

கோச்சிக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவன் என்னிடம் சொன்னான்: "எனக்குப் போடுன்னுதான் பாப்பா கேட்டுச்சு. சத்தியமா அப்பிடித்தான் கேட்டுச்சு. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, இப்ப யோசிச்சுப் பாத்தா போதும்னும் கேட்ட மாதிரி இருக்கு. ரெண்டும் கேக்குது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெரியண்ணனை ஆறு கொண்டுபோனது. இவனிடமிருந்து இவன் காதையே பிடுங்கிக்கொண்டார்கள். "நீ கேட்டது போடுதான், அத மட்டும் விட்டுக் குடுக்காத" என்று கத்தினேன். அதற்குள் கோச்சி கிளம்பிவிட்டது. என்ன கத்தினேன் என்று அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. நீலகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை கிடைத்திருப்பதாக ஒரு தடவை எழுதினான். அந்த விலாசத்துக்கு நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. அங்கிருந்து வந்த ஒருவர், அவன் வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார். அதற்கு மேல் தெரியாது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, சீமைத் தொரைமார் போனார்கள், பஞ்சம் வந்தது, போனது. எண்பதுகளில் நான் அப்புத்தளையில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் நடத்திய விடுதி. அவரை நான் அண்ணன் முறை வைத்து நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அம்மா லயத்திலேயே இருந்தாள். விடுமுறை கிடைக்கிற ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பேன்.

ஒரு நாள் வேலை முடிந்து துணி எடுக்கப் போனால், என் கொடியில் துணிக்குப் பதிலாகக் கயிறு தொங்கியது. நீலத்திலும் சிவப்பிலும் சுருள் சுருளாகக் கயிறு. உள்ளே வெள்ளைக்காரர் மூவர், இரண்டு பையன்களும் ஒரு கிழவரும். "என்ன நானா இது?" என்றேன்.

"இவங்க அருவிக்குள்ளால கயிறு கட்டி எறங்குற ஆக்கள் தங்கச்சி. அது ஒரு வெளையாட்டாம். பெரகலப் பக்கம் இடுக்காறுன்னு ஒண்டு இருக்காமே, அதுலதான் நாளைக்கு எறங்கப் போறாங்களாம்."

பையன்களிடம் கேட்டுக் கேட்டு நானாவுக்கு அந்த விளையாட்டின் சங்கதியெல்லாம் தெரிந்திருந்தது, எனக்கு ஆசையாகச் சொன்னார். முதலில் மேலே மழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மேக மூட்டமாக இருந்தால் இறங்கவே கூடாதாம். முதல் அருவியில் இறங்கிக் கயிற்றை உருவிவிட்டால் திரும்பி ஏற வழியில்லை, முன்னால்தான் போக வேண்டும். அதனால் உள்ளே போகிறவர் முடிவு வரைக்கும் தெரிந்துகொண்டு போக வேண்டும். பாறை விளிம்பில் உரசிக் கயிறு அறுந்துவிடும், அந்த இடத்தில் துணி சுற்றி வைக்க வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போனால் முடிச்சு அவிழாது. கசத்தில் விழுகிறவன் கயிற்றோடு விழக் கூடாது, தண்ணீரில் கயிறே ஆளைக் கொன்றுவிடும், உடனே அவிழ்கிற மாதிரிதான் கட்ட வேண்டும். தலைக்கு ஒரு கவசம். எல்லோர் கழுத்திலும் ஒரு ஊதல்.

"ஊதல் எதுக்கு?" என்றேன்.

"தண்ணிச் சத்தத்துல வாய்ப்பேச்சு வெளங்காதாம் தங்கச்சி. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு வேற மாதிரிக் கேட்டுரும். அதனால வாயால ஒண்டும் சொல்லக் கூடாதாம். ஒரு தரம் ஊதினா நிப்பாட்டு, ரெண்டு தரம் ஊதினா விடு. அப்படி ஒரு சட்டம் வெச்சிருக்கிறாங்க."

தேருக்குத் தேர் பிள்ளைகள் வாங்கி ஊதுகிற ஊதல். எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை.

கிழவர், பையன் ஒருவனின் மாமாவாம். முன்பு லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் தொரையாக இருந்தவர், எங்கள் தொரையை அவர் அறிந்திருக்கவும் மாட்டார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னைப் பார்த்ததும், "ஏ, இங்கே வா, டீ கொண்டு வா" என்றார். அந்த 'ஏ'யைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. தேயிலைச் சாயமும் பாலும் சீனியும் கொண்டுபோய் வைத்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கரண்டி சீனி போட்டேன். அவர் தலையை ஆட்டி, "போடும்" என்றார்.

இன்னொரு கரண்டி போட்டேன்.

"போடும், போடும்."

இன்னும் ஒன்று போட்டேன். கிழவருக்கு இனிப்பு ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த கரண்டியை எடுத்தபோது அவர் கோப்பையை உள்ளங்கையால் மூடிவிட்டார். நானா விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, அவர் போதும்னு சொல்றாரு. நீங்க போட்டுக்கிட்டே இருக்கிறீங்க."

கரண்டியைச் சீனியிலேயே வைத்தேன். "நானா, அத அவர இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க" என்றேன். நானா சொன்னார். கிழவர் புன்சிரிப்போடு எனக்காகவே நிறுத்திச் சொன்னார். நாக்கு பல்லுக்கு வரவில்லை, மேலே மடிந்து அண்ணத்தில் தட்டியது. போடும். கடைசி 'ம்' உதட்டுக்குள்ளேயே போய்விட்டது. பிறகு இங்கிலீஷில் நானாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானா எனக்குச் சொன்னார்: "அந்த எழுத்து வெள்ளைக்காரங்க நாக்குக்கு வராதாம். படிச்சுக் குடுத்த வாத்தியார் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாராம். அந்தக் காலத்துத் தொரைமார் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்களாம்."

சிரிக்கிற விஷயம்தான். அவர்களுக்குக் கோப்பையில் கொஞ்சம் சீனி கூடிப்போனது, அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். சின்னண்ணன் கேட்டதைத்தான் சொன்னான். அந்தச் சத்தத்தில், அந்த நாக்கிலிருந்து, வேறெதுவும் கேட்டிருக்க முடியாது. ஊதல் இல்லாவிட்டால் போகட்டும், திருப்பிக் கேட்கிற உரிமையாவது இருந்ததா? இரண்டு தடவை 'போடு' சொல்லிப் பழக்கிவிட்டு மூன்றாவது தடவை 'போதும்' என்று சொன்னால் எவன் ஊகிப்பான்? பிறந்ததிலிருந்து தொரை வாயில் போடு, போடு என்றுதான் கேட்டிருக்கிறோம். போதும் என்று ஒரு தொரை எங்களைப் பார்த்துச் சொல்லி எங்கள் லயத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்? வேலை போதும் என்றானா, நேரம் போதும் என்றானா? அந்த ஒரே நாள் சொன்னான். அதையும் சொல்லத் தெரியாமல் சொன்னான்.

பையன்கள் மறுநாள் போய் மூன்று அருவியும் இறங்கிப் பத்திரமாக வந்தார்கள். அருமையான இடம் என்றார்களாம். அவர்கள் முழுசாகத் திரும்பியதில் எனக்கு நிம்மதிதான், அதே நேரத்தில் அவர்கள் சிரிப்பைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. கழுத்தில் கிடந்த ஊதல்களையே பார்த்துக்கொண்டு சோறு பரிமாறினேன்.

அந்த ஞாயிறு லயத்துக்குப் போனேன். அம்மா நன்றாகக் கிழண்டிருந்தாள், ஆனால் காது மட்டும் பாம்புக் காது. வழி நெடுக யோசித்தேன், எப்படிச் சொல்வது என்று. சொன்னால் நம்பமாட்டாள். வருஷக்கணக்காக எதைச் சொல்லித்தான் நம்பினாள்? அதனால் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன். சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள். எங்கள் வீட்டு வழக்கப்படி கையை நீட்டி மறிக்காமல், அந்தக் கிழவரைப் போல நாக்கை மடித்து, "போடும்" என்றேன்.

அம்மா இன்னொரு அகப்பை போட்டாள்.

"போடும்மா, போடும்."

"என்னடி இன்னைக்கு, அங்க சோறு போடுறதில்லையா?" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் போட்டாள்.

"நான் போடச் சொல்லலம்மா. போதும்னு சொன்னேன். தொரைமாரு போதும்னு சொன்னா இப்பிடித்தான் வரும். என் காதால கேட்டேன்."

அகப்பை பானைக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள், தட்டில் குவிந்து கிடந்த சோற்றைப் பார்த்தாள். அருவியும் இல்லை, பாறையும் இல்லை, நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். உதட்டை அசைத்து அவளும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு எழுந்து போய் இஸ்தோப்பில், சாக்கு கட்டியிருந்த அந்த மூலையில் உட்கார்ந்தாள். அகப்பை இன்னும் கையிலேயே இருந்தது. அங்கிருந்தே கேட்டாள், "அவனுக்கு இத யாருடி போயிச் சொல்றது?"

அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்கும் தெரியாது. தட்டில் இருந்த சோற்றை அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.